கிணற்று நீரையும் குழாய் நீரையும் வீட்டிலேயே பரிசோதிக்கும் முறை

கேத்தலின் அடியில் வெள்ளைப் படை. பிளேன்டீயின் மேல் மெல்லிய ஆடை. எவ்வளவு கொதித்தாலும் பருப்பு மசிய மறுக்கிறது. இந்த வீட்டு நீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம், அதாவது வன்மை அதிகம். பக்கத்து வீட்டில் நீர் சவர்க்கிறது. அதற்கு அடுத்த வீட்டில் நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். இந்த மூன்று வீட்டாரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணீர் சரியில்லை." பிறகு மூவரும் ஒரே வடிகட்டியை வாங்குகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வன்மை, உப்பு, கிருமி ஆகிய மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள். பணத்தைச் செலவழிப்பதற்கு முன் உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: மாதிரி எடுங்கள்

ஒரே அளவான தெளிந்த கண்ணாடிப் போத்தல்கள் நான்கு வேண்டும். ஒன்றில் மழைநீர் எடுங்கள். கூரையில் பட்டு வடியாமல், வெளியில் வைத்த பாத்திரத்தில் நேரே விழுந்ததாக இருக்கட்டும். இரண்டாவதில் கிணற்று நீர். மூன்றாவதில் குழாய் நீர், இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு. நான்காவதில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததும் மேலாக இறுத்த கிணற்று நீர். கூரையில் தாங்கி வைத்திருப்பவர்கள் தாங்கிக்குள் போகுமுன் ஒரு மாதிரியும் சமையலறைக் குழாயில் ஒரு மாதிரியும் எடுப்பது நல்லது. கழுவப்படாத தாங்கியே சில வீடுகளில் குற்றவாளி.

படி 2: சவர்க்காரச் சோதனை

குழந்தைகளுக்கான குளியல் சவர்க்காரம் போன்ற உண்மையான சவர்க்காரக் கட்டி ஒன்றைச் சீவி, மழைநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சலவைத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ இதற்கு உதவாது. அவை வன்னீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை.

ஒவ்வொரு போத்தலிலும் ஒரே அளவு நீர் எடுத்து, மருந்து ஊட்டும் ஊசியில்லாச் சிரிஞ்சினால் கரைசலை ஒவ்வொரு மில்லிலீற்றராக விடுங்கள். ஒவ்வொரு தடவையும் மூடி, நன்றாகக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். மழைநீரில் முதல் ஓரிரு தடவையிலேயே நுரை நிற்கும். வன்னீரில் நுரை எழுந்த உடனே அடங்கிவிடும். நீர் கலங்கி, வெள்ளைத் துணுக்குகள் மிதந்து போத்தலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பாக இருக்கும். கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மாறியிருக்கிறது. குளித்த பின் தலைமுடியில் பிசுபிசுப்பது இதுவேதான். நுரை நிற்க எத்தனை மில்லிலீற்றர் தேவைப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள்.

இப்போது கொதித்த போத்தலைக் கவனியுங்கள். கொதிக்காத கிணற்று நீரைவிட அதற்குக் கரைசல் நன்றாகக் குறைந்திருந்தால் உங்கள் வன்மை பெரும்பாலும் தற்காலிகமானது, கொதிக்கவைத்து இறுத்தால் போகும். கேத்தலின் படையைத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ கரைத்துவிடும். கரைசலின் அளவு மாறாவிட்டால் வன்மை நிலையானது. கொதிக்கவைப்பதால் அது போகாது.

மொத்த வன்மைக்கு இலங்கைத் தரநிர்ணயத்தின் உச்ச அளவு லீற்றருக்கு 250 மில்லிகிராம். இந்த எண்ணை வீட்டுச் சோதனை தராது, ஆய்வுகூடந்தான் தரும். ஆனால் உலக சுகாதார அமைப்பு வன்மைக்கென உடல்நல அடிப்படையில் எல்லை எதையும் வகுக்கவில்லை. வன்மை சவர்க்காரத்தையும் விறகையும் பொறுமையையும் தின்னும். அதற்காகப் பதற வேண்டியதில்லை.

படி 3: உப்பைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கமான எழுவான்கரையில் இருப்பவர்கள் அதிகம் அக்கறை கொள்ள வேண்டிய படி இது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் இந்த மணல் நிலத்தில், மழையால் ஊறிய நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும். திருப்பிச் சொன்னால், மேலே சிறிது குறைந்தாலும் அடியிலிருந்து உப்பு வெகுவாக ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்துச் சுத்தமாக்க முயன்ற இடங்களில் இதுதான் நடந்தது. இறைக்க இறைக்க உப்பு மேலே வந்தது. அடுத்தடுத்த மாரி மழைதான் மணலைக் கழுவிக் கொடுத்தது.

நீரில் கரைந்துள்ள திண்மங்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கவோ இரவல் பெறவோ முடிந்தால், காலையில் மோட்டார் போடுமுன் கிணற்று நீரை அளந்து எழுதுங்கள். அரை மணி நேரம் இறைத்த பின் மறுபடி அளந்து பாருங்கள். எண் தெளிவாக ஏறினால் மோட்டார் உப்பை இழுக்கிறது. ஒரேயடியாகத் தாங்கியை நிரப்பாமல், சிறிது சிறிதாக இடைவெளி விட்டு இறையுங்கள். குழாயின் வாய் கிணற்றின் அடியில் கிடந்தால் மேலே தூக்கிக் கட்டுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு தடவையும் மாரி முடிந்து ஒரு தடவையும் அளந்தால் உங்கள் கிணற்றின் போக்கு பிடிபடும்.

கரைந்த திண்மங்களுக்குத் தர எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். மீட்டர் மின்கடத்துதிறனைத்தான் அளக்கிறது. உப்பா, கல்சியமா என்று அது பிரித்துச் சொல்லாது. கிருமியை அது அறியவே அறியாது. மீட்டரில் 80 காட்டும் நீர் குடித்தும் வாந்தி வரலாம்.

படி 4: கிருமிக்கு ஆய்வுகூடம்

இதற்கு வீட்டுவழி தேடாதீர்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், எங்கே கொடுப்பது என்று வழிகாட்டுவார். கிருமி நீக்கிய போத்தலை அங்கிருந்தே பெற்று, வாயையும் மூடியின் உட்புறத்தையும் விரல் தொடாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்த்துவிடுங்கள். 100 மில்லிலீற்றரில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது.

அதோடு மலக்கழிவிலிருந்து நிலத்தடி நீரில் ஊறிச் சேரும் நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மணல் நிலத்தில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளிகூட இல்லாத வளவுகள் ஏராளம். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைக்கக் கூடாது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதியிலும் பாறை நிலத்துக் குழாய்க்கிணறு வைத்திருப்பவர்கள் புளோரைட்டையும் சேர்த்துப் பார்க்கட்டும், எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம்.

படி 5: பிறகு முடிவெடுங்கள்

வன்மை மட்டும் என்றால் குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீர், மற்றதற்குக் கிணறு. உன்னிச்சைக் குளத்திலிருந்து வருவது போன்ற குளத்து நீர் பொதுவாக நிலத்தடி நீரைவிட மென்மையானது. அதில் குளோரின் மணத்தால் குடிக்க மனம் வராதவர்கள், சுத்தமான பாத்திரத்தில் துணியால் மூடிச் சில மணிநேரம் வைத்தால் மணம் குறையும். கிருமி என்றால் கொதிக்கவைத்தலும், கிணற்றுக்குக் குளோரின் இடுதலும், கட்டுச் சுவரைத் திருத்துதலும். உப்போ நைத்திரேற்றோ எல்லை மீறி, வேறு நீரும் கிடைக்காவிட்டால்தான் நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரத்துக்குத் தேவை வருகிறது.

அந்த இயந்திரத்தை விற்க வருபவர் உங்கள் நீரில் இரண்டு உலோகக் கம்பிகளை வைத்து மின் பாய்ச்சிக் காட்டுவார். உங்கள் நீர் செங்கபிலமாகிக் கசடு திரளும், அவருடைய நீர் தெளிவாகவே இருக்கும். வீட்டில் முதியவர்கள் அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அந்த நிறம் இரும்புக் கம்பியிலிருந்து கரைந்து வந்தது. கனிமம் நீக்கிய நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. அவருடைய நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, அதே கம்பியை மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.