ஸ்பானிஷ் சப்ஜங்டிவ்: 'வாழ்க' என்று சொல்லிப் பழகுங்கள்

விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்தான் சப்ஜங்டிவ். அதன் நிகழ்காலத்துக்கு முழு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். வினையின் 'நான்' வடிவத்தை எடுத்து, கடைசி 'ஓ'வை நீக்குங்கள். வினை 'ஆர்' என்று முடிந்தால் 'ஏ' வரிசை. 'ஏர்', 'ஈர்' என்றால் 'ஆ' வரிசை. பெரும்பாலான வினைகளுக்கு அவ்வளவுதான்.

ஆப்லார் என்றால் பேசுவது. ஆப்லோ, பேசுகிறேன். இப்போது நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: ஆப்லே, ஆப்லேஸ், ஆப்லே, ஆப்லேமோஸ், ஆப்லேய்ஸ், ஆப்லேன். 'கியேரோ கே ஆப்லேஸ்': நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன். கொமேர், அதாவது சாப்பிடுவது, கோமா, கோமாஸ் என்று போகும்.

மெக்சிகோவின் 'விவா மெஹிகோ!' என்ற முழக்கத்தில் வருவதும் இதுதான். விவீர் என்றால் வாழ்வது, விவா என்றால் நம் 'வாழ்க'! வியங்கோள் வினை தெரிந்த நமக்கு இது எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

அப்புறம், 'நான்' வடிவத்தில் தொடங்கினால் தெனேர் (வைத்திருப்பது) போன்ற முரண்டு வினையும் வழிக்கு வரும்: தெங்கோ, தெங்கா.