சிப்பி வரைவதற்கு முன்

நான் புத்தக அட்டை வரைகிறவள். "சும்மா ஒரு சிப்பி போட்டுவிடுங்கள், அழகாக இருக்கும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சிப்பி என்றுதான் முதலில் கேட்பேன். சங்கு, சோழி, முத்துச்சிப்பி, விசிறிச் சிப்பி எல்லாம் கடலில்தான் கிடக்கின்றன. அதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட முடியாது.

இனம் முடிவானதும், மனிதர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று வினைச்சொற்களை மட்டும் எழுதிப் பாருங்கள். சங்கு: ஊதுவது, அறுத்து வளையாக அணிவது. சோழி: எண்ணுவது, உருட்டுவது. குறியீடு அநேகமாக அந்த வினையில் இருந்துதான் கிளைக்கிறது. மாலத்தீவில் சேகரித்த சோழி வங்கத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் காசாகப் புழங்கியது. சீனத்தில் பணம், விலை, செல்வம் சார்ந்த பல எழுத்துகளுக்குள் சோழியின் வடிவம் ஒளிந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா இன மக்கள் 16 சோழிகளை வீசிக் குறி பார்க்கிறார்கள். தமிழிலும் சோழி உருட்டினால் ஜோசியம்தான். ஆக, பணமும் விதியும் சேர்ந்தே வருகின்றன. மேற்கு ஆப்பிரிக்கா பற்றிய நூல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அடிமை வணிகத்தில் மனிதர்களுக்கு விலையாகக் கொட்டப்பட்டதும் இதே சோழிதான். அதை ஓர அலங்காரமாகத் தூவ எனக்குக் கை வராது.

அப்புறம், எதிர்ப்பொருளைத் தேடுங்கள். விசிறிச் சிப்பி ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடக்கும் யாத்திரிகர்களின் அடையாளம். ரோமானியர்களின் காதல் தெய்வம் வீனஸுக்கும் அதுவே ஆசனம். சங்கு இன்னும் சிக்கல். திருமால் கையில் இருப்பது பாஞ்சசன்யம், வங்கத்தில் சங்கு வளை சுமங்கலியின் அடையாளம், ஆனால் தமிழ்ப் பேச்சில் 'சங்கு ஊதிட்டாங்க' என்றால் ஆள் காலி. தனியாக ஒரு சங்கை மட்டும் வரைந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு சக்கரம் வையுங்கள், தீர்ந்தது.

வடிவமைப்பாளர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இடம் போதவில்லை என்று கணினியில் சங்குப் படத்தை இடவலமாகப் புரட்டிவிடுவார்கள். சுருள் முனை மேலே, வாய் நம்மைப் பார்த்தபடி இருந்தால், சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் வரும், வலம்புரிக்கு இடப்பக்கம். பெயருக்கு நேர்மாறாகத் தெரியும். மரபில் சுருளைக் கீழே வைத்துப் பார்ப்பதால்தான் அந்தப் பெயர். படத்தைப் புரட்டினால் வாய் பக்கம் மாறி, கிடைத்தற்கரிய வலம்புரி சும்மா வந்து உட்கார்ந்துவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் வாயைப் பாருங்கள்.