கன்னியாகுமரியில் ஒரு ராத்திரி தங்கப் போகிறீர்களா?

கணவனும் மனைவியுமாக ஒரு நாள் மட்டும் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கன்னியாகுமரியில் இறங்கி, ரூமில் பையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் முழுவதும் கூட்டத்திலேயே நிற்கிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம், அதுவும் மே மாதத்தில்! சூரியன் கரைப்பக்கம் போய் மறைந்துவிட்டது. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான் அங்கே சூரியன் கடலில் இறங்குவது நன்றாகத் தெரியும்.

அதனால் மாலையை, சூரியன் மறைவதைப் பார்க்க, முட்டம் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து பஸ் இருக்கிறது. பாறை மேல் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் அலை நனைக்கிற பாறைக்குப் போக வேண்டாம், செல்ஃபிக்காகக்கூட. அப்புறம் இருட்டினதும் மணக்குடி வழியாகக் கடற்கரைச் சாலையில் கன்னியாகுமரிக்கு வந்துவிடலாம்.

ரூம் எடுக்கும்போது 'கடல் தெரியுமா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள், எங்களுக்குத் தெரிந்தது தண்ணீர்த் தொட்டி. ஜன்னல் கிழக்கே பார்த்ததா என்று கேளுங்கள், அப்படி அமைந்தால் விடியற்காலை கூட்டத்தில் இடிபடாமல் கட்டிலிலிருந்தே சூரியோதயம். இருவரின் ஆதாரும் கையில் இருக்கட்டும். சபரிமலை சீசனில் முன்பதிவு இல்லாமல் கிளம்பவே கூடாது.

காலையில் முதல் வேலையாக விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசையில் நின்றுவிடுங்கள். கடல் சீற்றமாக இருந்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். போக முடிந்தால் விவேகானந்தர் பாறையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலத்திலேயே நடந்து போகலாம், என் மனைவி கீழே பார்க்கவே இல்லை. திரும்பும் வழியில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள்.