குழந்தைக்கு வீட்டிலேயே பழ ஐஸ்

பல் முளைக்கும் நேரத்தில் சில்லென்று ஏதாவது கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். 6 மாதம் முடிந்து திட உணவு தொடங்கிவிட்டதா? கனிந்த வாழைப்பழத்தை மசித்து, தாய்ப்பாலோ இனிப்பில்லாத தயிரோ கலந்து, சின்ன ஐஸ் அச்சில் உறைய வையுங்கள். பழத்தின் இனிப்பே தாராளம், சர்க்கரை எதற்கு? தேன் 1 வயது வரை கூடவே கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு பாதிப்பு வரலாம்.

உறைந்த கட்டியை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஃப்ரூட் ஃபீடரில் (சின்னச் சின்ன ஓட்டையுள்ள பையோடு கைப்பிடி வைத்த, குழந்தை சப்பிச் சாப்பிடும் சாதனம்) போட்டுக் கொடுக்கலாம். அது இல்லையென்றால் சில நிமிடம் வெளியே வைத்து, இளகியதும் கரண்டியால் மசித்து ஊட்டினாலே போதும். எப்படிக் கொடுத்தாலும் பக்கத்திலேயே இருங்கள். அப்புறம், குழந்தை மிச்சம் வைத்ததை மறுபடி ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.