சிக்னலில் நின்றதும் அணையும் கப்சாய்

சிங்கப்பூரில் கப்சாய் என்பது சின்ன இன்ஜின் வைத்த மோட்டார்சைக்கிள். அதில் ஐட்லிங், அதாவது நின்ற வண்டியில் இன்ஜினின் மெது ஓட்டம், சரியில்லை என்றதும் எல்லாருடைய கையும் முதலில் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். அதைக் கடைசியில் தொடுங்கள். வால்விலோ, பிளக்குக்கு நேரத்தில் பொறி தரும் பாயிண்ட்ஸிலோ கோளாறு இருக்கும்போது ஸ்க்ரூவைத் திருகினால், கோளாறு இரண்டாகும். கீழே தரும் அளவுகள் பாயிண்ட்ஸ் வைத்த பழைய ஹோண்டா சி70க்கு. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் மேனுவலைப் பாருங்கள். பார்க்கும் வரிசை மட்டும் மாறாது.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி, பிஐஈ விரைவுச்சாலை நெரிசலில் சூடேறியதும் அணைகிறதா? முதல் சந்தேகம் இறுகிப்போன வால்வுகள். சூட்டில் உலோகம் விரியும்போது இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில், ஃப்ளைவீலின் ‘டி’ கோட்டைக் குறிக்கு நேராக வையுங்கள். வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டு வால்வுக்குமே இடைவெளி 0.05 மி.மீ. லேசாக டிக் டிக் என்றால் பயமில்லை. சத்தமே இல்லாத வால்வுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அடுத்து பாயிண்ட்ஸ்: 0.3 முதல் 0.4 மி.மீ. கேமில் உரசும் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும். பாயிண்ட்ஸ் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக் இடைவெளி 0.6–0.7 மி.மீ.

ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தொங்குகிறதா? முதலில் ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்புங்கள். வேகம் ஏறினால் கேபிள் இறுக்கம், அவ்வளவுதான். ஏறாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது. கார்ப்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பழசாகித் தட்டையாகியிருக்கும். அதைச் சமாளிக்க யாரோ நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, கார்ப்பரேட்டரின் சேரும் முகமான ஃபிளேஞ்சையே வளைத்திருப்பார்கள். கழற்றி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் வளைவு தெரிந்துவிடும். அதே கண்ணாடியில் நைஸ் எமரி பேப்பரைப் பரப்பித் தேய்த்துச் சமப்படுத்தி, புது ஓ-ரிங் போடுங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் அடைப்பு ஸ்லோ ஜெட்டில், அதாவது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையில். இங்கே பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டிகள் வருடத்தில் குறிப்பிட்ட நாட்களே சாலைக்கு வரலாம். மற்ற நாட்களில் சும்மா நிற்கும்போது பெட்ரோல் வற்றி, பிசின் படிகிறது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: ஊசிமுனை அளவுக்கு வட்டமான வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு பாதிதான் போயிருக்கிறது. ஊறவைத்துக் காற்றடியுங்கள். குத்தியே ஆக வேண்டுமென்றால் மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். இரும்பு ஊசி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

இனி ஸ்க்ரூ. இதற்கு இன்ஜின் சூடாக ஓட வேண்டும். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இந்த வேலை வேண்டாம், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே விட்டு, 1½ சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் கால் சுற்றாக இருபக்கமும் திருப்பி, வேகம் அதிகமாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஐடில் ஸ்க்ரூவால் 1500 ஆர்பிஎம்முக்கு இறக்குங்கள். அந்த நல்ல இடம் அரைச் சுற்றுக்குள்ளேயே வந்தால் பெட்ரோல் போதவில்லை: ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது சிறியது. மறுபடி கழற்ற வேண்டியதுதான்.