தடைக்காலம் முடிந்து இறக்கிய படகில் செல்ஃப் எடுக்கவில்லையா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி விசைப்படகுகளுக்கு வேலை நடக்கும். செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் கழன்று கடைக்குப் போய்வரும். பலகைக்குப் பெயிண்ட் அடிக்கிற கையோடு எஞ்சினுக்கும் ஒரு கோட் விழும். இறக்கிய பிறகு சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. ‘பேட்டரி போச்சு’ என்று கடைக்கு ஆள் ஓடும். பெரும்பாலும் பேட்டரி போயிருக்காது. மேலேற்றும்போது ஓடிய படகு இறக்கியதும் ஓடவில்லை என்றால், இடையில் கை பட்ட இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்ட்டிமீட்டர், பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப், ஸ்பானர், உப்புத்தாள், சமையல் சோடா, வாசலின். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வரிசை மாறி, பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் எஞ்சினில் தட்டினால் பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரி மேல் எரியும் வாயு நிற்கும் என்பதால் அந்தப் பொறியே ஆபத்து.

கீழே உள்ள அளவுகள், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக மாட்டிய 24 வோல்ட் படகுக்கு. 12 வோல்ட் எஞ்சின் என்றால் பேட்டரி வோல்ட்டைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் கிடந்த பேட்டரி 25.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல சார்ஜ். 24.4க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியாகவும் அளக்க வேண்டும். ஒன்று 12.7, மற்றது 12.2 என்று நின்றால், வயர்லெஸ்ஸுக்கு 12 வோல்ட் வேண்டுமென்று யாரோ ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்த ஒன்று வடிந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் கெடும். 24க்கு 12 கன்வர்ட்டர் ஒன்று போடுவது இரண்டு பேட்டரி வாங்குவதைவிட மலிவு.

வோல்ட் சரியாக இருந்தும் ‘டொக்’ என்றுதான் கேட்கிறது என்றால், அடுத்த சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள், சாவிக்கு ஓர் ஆள், மீட்டருக்கு ஓர் ஆள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட்டில். கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது, ஈயத்தின் மேலேயே வைக்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டுக்குள் காட்டினால் பாசிட்டிவ் பாதை நல்லது. பிறகு ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மற்றதை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வையுங்கள். இங்கே 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 2, 3 வோல்ட் காட்டினால் குற்றவாளி எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் நெகட்டிவ் பாதை. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். மோட்டார் ஆற விடுங்கள்.

அந்த எர்த் எங்கே விட்டுப்போகிறது என்றால், பெயிண்டில். மரப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும் லாரி மாதிரி பாடி எர்த் கிடையாது; எஞ்சின் பிளாக்தான் எர்த். பிளாக்குக்குப் பெயிண்ட் அடித்து, காய்வதற்குள் லக்கை (கேபிள் முனையில் போல்ட் நுழையும் உலோக வளையம்) வைத்து முறுக்கிவிடுவார்கள். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் லக்கின் அடியில் பெயிண்ட் வட்டமாக அச்சு விழுந்து ஒட்டியிருக்கும். கரண்ட் போனதெல்லாம் போல்ட்டின் மரைப் பள்ளத்தில் உரசுகிற அந்தச் சின்ன இடத்தில்தான். ஒன்றிரண்டு ஆம்பியர் கேட்கும் விளக்குக்கு அது போதும், அதனால் லைட் பளிச்சென்று எரியும், ‘கரண்ட் வருதே’ என்று எல்லோரும் குழம்புவார்கள். செல்ஃப் மோட்டார் கேட்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். அந்தக் கரண்ட் சில சமயம் வேறு வழி தேடி மெல்லிய எர்த் வயர் வழியாகவோ ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பும். கேபிள் சூடாகிப் புகைந்தால் எர்த்தைப் பாருங்கள், கேபிளை மாற்றாதீர்கள். லக்கும் பிளாக்கும் தொடுகிற இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாசலின் பூசுங்கள்.

எஞ்சின் எடுத்துவிட்டது, பேட்டரி ஏறவில்லை என்றால் டைனமோ பக்கம். ஓடும்போது பேட்டரியில் 27.6 முதல் 28.8 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் டைனமோவின் தடித்த டெர்மினலிலும் அளங்கள். அங்கே இருந்து பேட்டரியில் இல்லையென்றால் நடுவில் உள்ள கேபிளோ ஃபியூஸோதான். இரண்டிலும் இல்லையென்றால் சார்ஜ் லேம்ப்பைப் பாருங்கள். சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். போட்டதுமே எரியவில்லை என்றால் பல்பு ஃபியூஸ், அல்லது கடையிலிருந்து வந்த டைனமோவில் அந்த மெல்லிய வயரை மாட்ட மறந்திருக்கிறார்கள். டைனமோ முதலில் விழித்துக்கொள்வது அந்தப் பல்பு வழியாக வரும் கரண்டில்தான். பத்து ரூபாய்ப் பல்புக்காக டைனமோவை மறுபடி கடைக்கு அனுப்பியவர்கள் உண்டு. எரிந்து அணையாமலே நின்றால் பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்குங்கள். நடுவில் 10, 12 மில்லிமீட்டர் தாழலாம், அதற்கு மேல் தாழ்ந்தால் வழுக்கும். பெல்ட் சரியென்றால், டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

ஒரு பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்யுதா’ என்று பார்ப்பது, பழைய டைனமோ காலத்து வித்தை. இன்று நாம் டைனமோ என்று சொல்வது உண்மையில் ஆல்டர்னேட்டர்; அதில் அப்படிச் செய்தால் வோல்ட் ஒரேயடியாக ஏறி டயோடும் ரெகுலேட்டரும் போகும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் டயோடு அந்தக் கணமே போய்விடும். சுக்கான் பக்கம் வெல்டிங் வைத்தால் முன்கூட்டியே பேட்டரியையும் டைனமோ வயரையும் கழற்றிவிடுங்கள்.

வயர்லெஸ் கேட்கிறது, பேச அழுத்தினால் அணைந்துவிடுகிறது என்பது அடிக்கடி வருகிற புகார். பெரும்பாலும் செட் கெட்டிருக்காது. கேட்கும்போது செட் ஓர் ஆம்பியருக்கும் குறைவாக எடுக்கும்; 25 வாட்டில் பேச அழுத்தியதும் 5, 6 ஆம்பியர் கேட்கும். ஃபியூஸ் ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் அது அங்கேயே விழுந்துவிடும். செட்டின் பின்பக்க வயரில் மீட்டரை வைத்துப் பேச அழுத்துங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் ஹோல்டரை மாற்றுங்கள். ஆன்டெனா மாட்டாமல் அழுத்தாதீர்கள், செட் உண்மையாகவே போய்விடும். 16ஆம் சேனல் ஆபத்துக்குக் கூப்பிடுவதற்கு. சோதனை வேறு சேனலில்.

செல்ஃப் அடிக்கும்போது ஜிபிஎஸ் அணைந்து எரிவது கோளாறே இல்லை, எஞ்சின் ஓடிய பிறகு போடுங்கள். எக்கோ சவுண்டர் ஆழத்தைத் தாறுமாறாகக் காட்டினால், அடிப்பலகைக்கு அடித்த பெயிண்ட், படகின் அடியில் இருக்கும் அதன் சென்சார் முகத்திலும் கெட்டியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் சும்மா கட்டிக்கிடக்கும்போதே பேட்டரி இறங்குகிறதா? எல்லா சுவிட்சையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பைப் பிடியுங்கள். எரிந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அணைகிறதோ அந்த லைனில்தான் கசிவு. லேம்ப் எரியாவிட்டாலும் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள், 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தேட வேண்டும். மீட்டர் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். பல படகுகளில் சிக்கும் குற்றவாளி, அடித்தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் ஜாயின்ட். பாசிட்டிவ் வயர் உப்புத் தண்ணீரில் நனைந்து கிடந்தால் பேட்டரி வடிவதோடு நிற்காது. அந்தக் கரண்ட் தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஷாஃப்டையும் புரொப்பெல்லரையும் அரித்துத் தின்னும்.

அந்த ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். கச்சான் காற்றில் தெறிக்கிற உப்பு டேப்புக்குள் இறங்கி, வயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். ஒரு முழம் உரித்தாலும் செம்பு கறுத்திருக்கும். பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்டி, லக் வைத்து நசுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டி, பம்ப்புக்கு மேலே தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூ இருந்தால் மூடியை இறுக்கிக்கொண்டு சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். ஒரு சொட்டும் பேட்டரிக்குள் போகக் கூடாது.

கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கப் போவதற்கு முந்தின மாலையே படகுத்துறையில் எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டி, எல்லா விளக்கையும் வயர்லெஸ்ஸையும் போட்டுவிடுங்கள். அணைத்ததும் ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால், அதைக் கழற்றித் தேய்த்து மறுபடி இறுக்குங்கள்.