எரிவாயுவில் ஹைட்ரஜன், எரிப்பானுக்குச் சூடான காற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கை எரிவாயுவில் 20 சதவீதம் ஹைட்ரஜனைக் கலந்தால் கரியமில வாயுவும் 20 சதவீதம் குறையும் என்று கணக்கிடுவதே இத்துறையில் முதலில் நேரும் பிழை. அந்த 20 என்பது கனஅளவு. ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிந்தால் சுமார் 35.8 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது; ஹைட்ரஜனில் கிடைப்பது 10.8 மட்டுமே. ஆகவே அந்தக் கலவையின் வெப்பத்தில் ஹைட்ரஜனின் பங்கு ஏறத்தாழ 7 சதவீதம், கரியமில வாயு குறைவதும் அவ்வளவுதான். கரியமில வாயுவைப் பாதியாக்க ஹைட்ரஜனை 77 சதவீதம் வரை கலக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 2019 முதல் 20 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்த எரிவாயுவைப் பயன்படுத்திப் பார்த்ததை எல்லா உலைகளுக்கும் சான்றாகக் காட்டுவது இன்னொரு தவறு. வீட்டு அடுப்பு சாதாரணக் காற்றை இழுக்கிறது. ஹைட்ரஜனுக்கு அதே வெப்பத்துக்குக் குறைந்த காற்று போதும் என்பதால், காற்றின் அளவை மாற்றாதபோது மிகைக்காற்று (எரிவதற்குத் தேவையானதற்கு மேற்பட்ட காற்று) கூடிச் சுடரின் சூடு ஓரளவு தணிகிறது. காற்றின் அளவைத் தானாகத் திருத்திக்கொள்ளும் தொழிற்சாலை உலையில் இந்தத் தணிப்பு கிடைப்பதில்லை.

அங்கே எரிபொருளைச் சேமிப்பதற்காகக் காற்றையும் முன்கூட்டியே சூடாக்குகிறார்கள். ஹைட்ரஜன் கலப்பது, காற்றைச் சூடாக்குவது ஆகிய இவ்விரண்டையும் தனித்தனி மாற்றங்களாக மதிப்பிடுவதுதான், என் பார்வையில், மிக ஆபத்தான தவறு. ஹைட்ரஜன் சுடரின் உச்ச வெப்பநிலை மீத்தேனைவிட 150 டிகிரியளவு கூடுதல்; காற்றின் சூடு ஏறும்போது, அந்த ஏற்றத்தில் ஏறத்தாழப் பாதி சுடரிலும் சேர்கிறது. சுமார் 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல், காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகும் வேகம் மிகக் கூர்மையாக உயர்வதால், தனித்தனியே தாங்கக்கூடிய இரு மாற்றங்கள் சேர்ந்து மாசு வரம்பை மீறச் செய்யலாம். இம்மாற்றங்கள் சுடர் பரவும் வேகத்தையும் கூட்டுகின்றன; எனவே எரிபொருளும் காற்றும் முன்பே கலந்து வரும் முன்கலப்பு எரிப்பானில் சுடர் பின்னோக்கிப் பாய்ந்து குழாய்க்குள் புகும் அபாயம் உண்டு. எரிபொருளும் காற்றும் வாயிலில்தான் கலக்கும் எரிப்பானில் இந்த அபாயம் இல்லை.

அளவிடுவதிலும் கவனம் வேண்டும். ஹைட்ரஜன் எரியும்போது உருவாகும் நீராவியை நீக்கிவிட்டு உலர்ந்த புகையில் நைட்ரஜன் ஆக்சைடை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவில் பார்த்தால், மிஞ்சும் புகை குறைவு என்பதால், ஒரே வெப்பத்துக்கு ஒரே எடையளவு நைட்ரஜன் ஆக்சைடு வெளியேறினாலும், தூய ஹைட்ரஜனின் எண் மீத்தேனைவிட 37 சதவீதம் கூடுதலாகத் தெரியும். கலவைகளில் இவ்வேறுபாடு குறைவு. ஒப்பிடும்போது மெகாஜூலுக்கு எத்தனை மில்லிகிராம் என்று குறித்தால் இக்குழப்பம் எழாது. அப்போதும் எண் உயர்ந்தால் அது உண்மையான உயர்வே.